தறியின் தலையை எக்ஸ்சேஞ்சில் போட்டவர்

செம்பாக்கம் மதியழகன் எந்தப் பொருளையும் பார்த்து "நல்லா கீது" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்னால் விலை ஏறிவிடும் என்பது அவருடைய கட்சி. கத்தரிக்காய் வாங்கினாலும் சரி, கல்யாண மண்டபம் பேசினாலும் சரி, உதட்டின் இடது ஓரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து, மூக்கைச் சுருக்கி, எங்கிருந்தோ வாடை அடிக்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொள்வார். பிறகு, "பரவால்ல... பாக்கலாம்" என்பார். எதிரில் இருப்பவன் அந்த முகத்தைப் பார்த்துக் கலங்கி விலையைக் குறைப்பான். குறைக்க முடியாதவன் கூடவே எதையாவது இலவசமாகப் போட்டுக் கொடுப்பான். சாமானை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகாவது முகம் மாறுமா என்றால் அதுவும் கிடையாது. சாம்பாருக்கும் அதே முகம்தான், சாமி தரிசனத்துக்கும் அதே முகம்தான்.

அவருடைய அப்பா செத்தபோது பாடை கட்ட வந்தவனிடம்கூட மூங்கிலைத் தட்டிப் பார்த்து, மூக்கைச் சுருக்கி, "பரவால்ல" என்றார். அவன் பயந்துபோய் இன்னொரு மாலையைச் சேர்த்துக் கட்டினான். அப்பாவுக்கு அந்த மாலை இலவசமாகக் கிடைத்ததில் மகனுக்கு அழுகைக்கு நடுவிலும் ஒரு நிறைவு இருந்தது என்று சரளா சொல்வாள்.

சரளா அவருடைய மனைவி. அவளுக்கு இந்த முகம் கல்யாணத்துக்கு முன்பே அறிமுகம். வேங்கைவாசலில் அவள் அப்பா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது, அவள் கேசரித் தட்டை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளையின் உதடு ஒரு பக்கமாகக் கீழே போயிருந்தது. கேசரிக்கா, தனக்கா என்று அவளுக்கு விளங்கவில்லை. "பொண்ணு எப்பிடிடா?" என்று அவருடைய அப்பா எல்லார் முன்னாலும் கேட்க, "பரவால்ல... பாக்கலாம்" என்றார். சரளாவின் அப்பா அந்த முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். வண்டி ஏறப் போனவர்களைத் துரத்திக்கொண்டு ஓடி, ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு கிரவுண்டு மனையையும் பெண் பேருக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். கல்யாணம் முடிவானது.

முதல் வாரமே சரளா கேட்டுவிட்டாள். "இன்னாங்க, அன்னிக்கு என்ன புடிக்கலையா?"

"யார் சொன்னது?" என்றார் மதியழகன், பெருமை தாங்காமல். "அப்பிடி மூஞ்ச வெக்கலன்னா அந்த மனை வந்திருக்குமா?"

அடுத்த வாக்கியத்துக்காகச் சரளா காத்திருந்தாள். புடிச்சிது என்றோ, பாத்த ஒடனே முடிவு பண்ணிட்டேன் என்றோ ஏதாவது வரும் என்று நினைத்தாள். அவர் திரும்பிப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். கல்யாணமாகி மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அந்த வாக்கியம் வந்து சேரவில்லை.

செம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் விவசாயம் பார்த்த குடும்பம் அவர்களுடையது. வயல்களெல்லாம் மனைகளாகி விற்றுத் தீர்ந்த காலத்தில் பங்காளிகள் ஆளுக்கொரு புத்தியாகப் பிழைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் வரிசையாக வாடகை வீடு கட்டினார். ஒருத்தர் சிமென்ட் கடை வைத்தார். இன்னொருத்தர் தண்ணி லாரி விட்டு, ஏரித் தண்ணீரை ஏரிக்கரைக்காரர்களுக்கே விற்றார். மதியழகனுக்கு மட்டும் இண்டஸ்ட்ரி வைக்க வேண்டும் என்று ஆசை. ஆசையை வெளியே காட்டாமல் சும்மா திரிந்துகொண்டிருந்தார். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் சட்டைக் காலருக்கு லேபிள் நெய்கிற ஒரு கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தறியைப் பார்க்கப் போனார். போய்த் தன் முகத்தைக் காட்டினார். கம்பெனி முதலாளிக்கோ மகனுக்கு வீடு கட்ட மெயின் ரோட்டில் ஒரு கிரவுண்டு தேவைப்பட்டது. சரளாவின் மனையைக் கொடுத்துத் தறியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. மதியழகன் விடவில்லை. கதவு வரைக்கும் போய் உதட்டை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, முதலாளி உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியையும் இலவசமாகக் கேட்டு வாங்கினார்.

அந்த மனையின் இன்றைய விலையை யாராவது அவர் காதில் போட்டால், "சேரு ஓசிலதான வந்துது?" என்பார். நாற்காலியின் சக்கரம் அந்த வருஷமே கழன்றுவிட்டது. மனையில் அடுக்குமாடி எழும்பி, கீழே நகைக்கடை வந்து, வாசலில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒரு ஆளும் நிற்கிறான். பஸ் அந்த வழியாகப் போகும்போது சரளா முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் தறியை அவள் வெறுக்கவில்லை. அப்பா கொடுத்த நிலம் இந்த உருவத்தில் வந்திருக்கிறது, வந்தது வந்தாகிவிட்டது, ஓட்டித்தானே ஆக வேண்டும் என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். பழைய கம்பெனியில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீரங்கன் சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சொல்லிக்கொடுத்தார். மேலிருந்து மெல்லிய கயிறுகள் அடர்ந்து தொங்கும். ஒவ்வொரு கயிறும் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில் ஓர் இழையைப் பிடித்திருக்கும். எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழேயே கிடக்க வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் தறிக்குச் சொல்லும். பாலாடை நிறத்தில் மஞ்சள் ஏறிய பெட்டி, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஃபிளாப்பியைச் செருகி டிசைன் பெயரைத் தட்டினால் தறி சடசடவென்று ஓடி, சட்டைக் கம்பெனிக்காரன் பெயரைப் பட்டுப்போல நெய்து தள்ளும். சரளா நெய்த முதல் லேபிளை அந்தப் பெட்டியின் நெற்றியில் ஒட்டி வைத்திருந்தாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன்மேல் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன.

பாண்டி பஜாரில் ஒரு பெரிய ரெடிமேட் கடையைச் சரளாதான் பிடித்தாள். மாதிரி லேபிள்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், கடைக்காரர் நேரம் ஒதுக்கும் வரைக்கும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்து வாங்கிய ஆர்டர். மதியழகனின் பங்கு நூல் வாங்குவது. அதாவது, நூலைப் பார்த்து மூக்கைச் சுருக்குவது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் உயிர் வராது. சரளா பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டினால் வரும். இதைத்தான் மதியழகன் சாக்காகப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆயுத பூஜை சிறப்பு எக்ஸ்சேஞ்ச் மேளா போட்டிருந்தான். பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துப் புதுசை எடுத்தால், இட்லி சூடு ஆறாமல் வைக்கிற ஹாட் பேக் ஒன்று இலவசம்.

எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லைக் கேட்டால் மதியழகனுக்கு ரத்தம் வேகமாக ஓடும். ஸ்கூட்டர், டிவி, மிக்ஸி, கட்டில் என்று அந்த வீட்டில் எக்ஸ்சேஞ்சில் வராதது சரளா ஒருத்திதான்.

"ஸ்ரீரங்கன் சார ஒரு வார்த்த கேட்டுக்கலாமே?" என்றாள் சரளா.

"அவர கேட்டா பழசே நல்லா கீது, வுடுன்னுவார். ரிடையர் ஆன ஆளுங்களுக்குப் பழசு மேலதான் பாசம். டிசைன் எல்லாம் ஃபிளாப்பில கீதுல்ல? அப்பறம் இன்னா?"

"ஓடுற தறிய நிறுத்தாதீங்க. பாண்டி பஜார் ஆர்டர் கீது."

"நிறுத்தறதா? புதுசு வந்தா தறி பறக்கும் பாரு."

அவர் கையாலேயே ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார். சரளாவும் கூடப் போனாள். மணமேடை இருந்த இடத்தில் புது கம்ப்யூட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டை கட்டிய வினோத்குமார் என்ற விற்பனையாளர் ஓடி வந்தார். "பென்டியம் ஃபோர் சார். எக்ஸ்பி போட்டிருக்கு. ஃபிளாட் மானிட்டர். லேட்டஸ்ட் மாடல் சார்."

மதியழகன் உதட்டை இழுத்தார். மூக்கு சுருங்கியது. வினோத்குமார் இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை போலும். சிடி உறை சேர்ந்தது, மவுஸுக்கு அடியில் வைக்கிற அட்டை சேர்ந்தது, கடைசியில் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தன. லேபிள் தறிக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று சரளா கேட்டதற்கு, "ஓசில வருது, வாய மூடு" என்றார்.

"உங்க பழைய மெஷின் எப்படி சார்? வேலை செய்யுதா?" என்று வினோத்குமார் கேட்டார். இங்கேதான் மதியழகன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒன்றைப் புகழ்ந்திருக்க வேண்டும். அது அவருடைய பொருள். புகழ்ந்தால் லாபம். ஆனால் பழக்கம் விடவில்லை. தன் சொந்தப் பெட்டியைப் பார்த்தே மூக்கைச் சுருக்கி, "பரவால்ல... ஏதோ ஓடிகினு இருந்துது" என்று சொல்லித் தொலைத்தார். வினோத்குமார் உடனே எக்ஸ்சேஞ்ச் விலையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். மதியழகன் ஒரு கணம் திகைத்துப்போய், அந்த நஷ்டத்துக்கு ஈடாக இன்னொரு சிடி உறை வாங்கிக்கொண்டு வெற்றியோடு வெளியே வந்தார்.

மறுநாள் காலை புதுப் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டது. தறியிலிருந்து வருகிற ஒயரின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளக் இருந்தது. சரளா அதைக் கையில் பிடித்துக்கொண்டு புதுப் பெட்டியின் பின்பக்கம் தேடினாள். சின்னச் சின்னதாக ஓட்டைகள் இருந்தன. அகலமாக ஒன்றும் இல்லை.

"நல்லா பாரு, எங்கனா இருக்கும்" என்றார் மதியழகன்.

அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். அவரும் சுற்றி வந்தார். அப்புறம் ஸ்ரீரங்கனுக்கு ஃபோன் போட்டார்கள்.

ஸ்ரீரங்கன் வந்து புதுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அது இருந்த மேஜையைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "பழைய மெஷின் எங்கே?"

"எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டோம் சார்."

அவர் பின்னால் கையை நீட்டி எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்து, சக்கரம் கழன்ற சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சமாளித்து எழுந்தார். "அந்தப் பெட்டிக்குள்ள நீளமா பச்சையா ஒரு கார்டு இருந்தது. தறியோட பேசினதே அந்த கார்டுதான். அதைப் பண்ணின வெளிநாட்டுக் கம்பெனியை மூடி எத்தனையோ காலமாச்சு. கார்டு கிடைச்சாலும் இந்தப் புது மெஷின்ல அதைச் செருக இடம் கிடையாது. தறிக்கான புரோகிராமும் அந்தப் பழைய பெட்டியிலதான் இருந்தது. மதியழகன், நீங்க தலையைக் கொடுத்துட்டுத் தொப்பி வாங்கிண்டு வந்திருக்கீங்க."

"இது லேட்டஸ்ட்டு சார்" என்றார் மதியழகன், கடைசி முயற்சியாக.

"ஆமா. இதுல நன்னா சினிமா பார்க்கலாம். ஸ்பீக்கர் வேற இருக்கு."

"வேற வழியே இல்லையா சார்?" என்று சரளா கேட்டாள்.

"அதே பெட்டி திரும்பி வந்தா தறி ஓடும். இல்லைன்னா தறியை இரும்பு விலைக்குத்தான் போடணும்மா. வேற யாரும் வாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, பெட்டி கிடைத்தால் கூப்பிடச் சொல்லிக் கிளம்பினார்.

சரளா ஓடாத தறியைப் பார்த்தாள். பாதி நெய்த லேபிள்கள் அதில் அப்படியே நின்றிருந்தன. தீபாவளிக்கு லேபிள் போய்ச் சேராவிட்டால் பாண்டி பஜார்க்காரர் திருப்பூருக்கு மாறிவிடுவார், அப்புறம் திரும்ப மாட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் அப்பா கொடுத்த நிலம் தறியாக மாறி, தறியின் தலை இப்போது சமையலறை மேடையில் ஒரு ஹாட் பேக்காக உட்கார்ந்திருந்தது. மேல்மூடியில் ரோஜாப்பூ வேறு போட்டிருந்தான்.

"எங்க அப்பா ஒங்க மூஞ்சியப் பாத்து பயந்தாரு. நான் பயப்பட மாட்டேன்" என்றாள் அவள். "தறி ஓடலன்னா நான் வேங்கைவாசலுக்கே போயிடுவேன். நீங்க இந்தப் பொட்டியில படம் பாத்துகினு இருங்க."

மதியழகன் ஓடிப் போய் மேளா பில்லைத் தேடி எடுத்தார். மேளாக்காரர்களுக்கு ஃபோன் செய்தார். மேளா நேற்றோடு முடிந்து மண்டபத்தைக் காலி செய்தாகிவிட்டது, அங்கே இன்று கட்சிக் கூட்டம், பழைய சரக்கையெல்லாம் மொத்தமாக ராஜகீழ்ப்பாக்கம் காயலான் கடைத் தயாளன் எடுத்துக்கொண்டுவிட்டார் என்றார் வினோத்குமார்.

"நம்ம தயாளனா!" என்று மதியழகன் துள்ளினார். தயாளனும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "சல்லிசா முடிச்சிடலாம் வா."

ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்த சரளாவுக்குப் பாடம் நடத்தினார். "அங்க வந்து வாயத் தொறக்காத. நம்ம பொட்டி இருக்கற பக்கம் திரும்பிக்கூட பாக்காத. நான் ஃபேன் வாங்க வந்த மாரி பேசுவேன். கடசீல, இந்தக் குப்பையையும் சேத்துப் போடுன்னு வாங்கிடுவேன்."

"எங்குளுது மாறி வந்துடுச்சி, குடுங்கன்னு நேரா கேட்டா இன்னா?"

"நேரா கேட்டா சட்டைய உருவிடுவான். ஒனக்கு இன்னா தெரியும்?"

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவிச் சுத்தம் செய்கிற அவசரத்தில் இருந்தார் தயாளன். தினகரன் என்ற வேலைக்காரன் மேளாவிலிருந்து வந்த பெட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, சுத்தியால் உடைத்து, தகரத்தை ஒரு பக்கம், உள்ளே இருந்த பலகைகளை ஒரு பக்கம் வீசிக்கொண்டிருந்தான். வரிசையின் கடைசியில் சந்தனம் காய்ந்த நெற்றியோடு அவர்களுடைய பெட்டி இருந்தது. சரளா நெய்த லேபிள் அப்படியே ஒட்டியிருந்தது. அவள் சொன்னபடியே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வா மச்சான்! அட, தங்கச்சியும் வந்துகீது! இன்னா விசேஷம்?" என்றார் தயாளன்.

"சும்மாதான். ஒரு டேபிள் ஃபேன் பாக்கலாம்னு" என்று சொல்லி, மதியழகன் ஒரு ஃபேனைத் தூக்கினார், திருப்பினார், உதட்டை இழுத்தார். "பரவால்ல." கீழே வைத்தார். தெருவரைக்கும் போனார். திரும்பி வந்தார். இன்னொரு ஃபேனை எடுத்தார். அதற்குள் தினகரன் வரிசையில் இரண்டு பெட்டிகளைத் தாண்டிவிட்டான்.

"சீக்கிரம் சொல்லு மச்சான், கட கழுவணும்" என்றார் தயாளன்.

மதியழகன் போகிற போக்கில் தங்கள் பெட்டியைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டினார். மூக்கு எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கியது. "இன்னா தயாளா, இந்தக் கழிசடையெல்லாம் எடத்த அடைச்சிகினு கீது? இத்த எவன் சீந்துவான்?"

அவர் கணக்கு, தயாளன் இதைக் கேட்டு, சரி எடுத்துகினு போ என்பான் என்பதுதான். தயாளன் நல்ல மனுஷன். பள்ளிக்கூடத்து சிநேகிதன் சொன்ன யோசனையை மதித்தார். "கரெக்டா சொன்ன மச்சான். டேய் தினகரா! மத்தத அப்பறம் பாத்துக்கலாம், மச்சான் காலாண்ட கீற பொட்டிய மொதல்ல ஒட. எடம் காலியாவட்டும்."

தினகரன் சுத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். மதியழகனின் முகம் இழுத்தது இழுத்தபடியே நின்றுவிட்டது. உதடு கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. தினகரன் ஒரு காலைப் பெட்டியின்மேல் வைத்து வாகு பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை. சுத்தி மேலே போனது. சரளா கையை உயர்த்தி, "ஐயோ" என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மதியழகன் பெட்டியின்மேல் விழுந்துவிட்டார்.

"வேணும்டா! தயாளா, எனக்கு வேணும்டா! அடிக்க வேணாம்னு சொல்லுடா!" பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, காய்ந்த சந்தனத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கடைத்தெருவே கூடிவிடுகிற மாதிரி அலறினார். "இது மாரி ஒண்ணு ஒலகத்துலயே கெடையாதுடா. இத்தினி வருசமா மூச்சு வுடாம எனக்கு ஒழைச்சிகினு கெடந்துச்சே! ஒரு நாள் ஒரு கொற சொன்னதில்லையே! இது இல்லன்னா எங்க வூடே இல்லடா. அரும தெரியாம இருந்துட்டேன். பாவி, ஒரு நல்ல வார்த்த சொல்லாம இருந்துட்டேன்டா!"

தினகரன் பயந்து சுத்தியைக் கீழே போட்டான்.

தூக்கிய கையைச் சரளா மெல்ல இறக்கினாள். பெட்டி பிழைத்தது என்கிற நிம்மதி ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி அவளுக்குப் பொருந்தியது. வேங்கைவாசல் வீட்டில் கேசரித் தட்டோடு நின்ற நாளிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தைகள் அவை. ஒன்று குறையாமல் எல்லாமே வந்துவிட்டன, ஒரு தகரப் பெட்டிக்கு. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. துருப்பிடித்த சாமான் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

தயாளன் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சிநேகிதனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன் மச்சான். நீ ஒரு பொருள வேணும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. இன்னா கீது அதுல? தங்கமா?"

சரளாதான் விஷயத்தைச் சொன்னாள். தறி, கார்டு, மேளா, பாண்டி பஜார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

தயாளன் நல்ல மனுஷன்தான். ஆனால் வியாபாரி. "புதுசு ஒண்ணு வூட்ல சும்மா கீதுன்னு சொல்ற. எம் பொண்ணு தேவதர்ஷினி காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்குது, வாங்கிக் குடுன்னு ஒரே பேஜார். எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாமா மச்சான்?"

அந்த நிலையில் தயாளன் வீட்டையே கேட்டிருந்தாலும் மதியழகன் எழுதிக் கொடுத்திருப்பார். பெட்டியை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்பீக்கர், சிடி உறை, மவுஸ் அட்டை எல்லாம் தயாளன் பக்கம் போயின.

"ஹாட் பேக்கும் குடுத்தானாமே?" என்றார் தயாளன்.

"அது கெடையாதுண்ணா" என்றாள் சரளா. "எங்க அப்பா நெலத்துல மிச்சம் அது ஒண்ணுதான்."

மத்தியானம் ஸ்ரீரங்கன் வந்து ஒயர்களை மாட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. மதியழகன் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார். சரளா பக்கவாட்டில் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். நாலாவது தட்டுக்கு வெள்ளை எழுத்து வந்தது. பிளக்கைச் செருகி டிசைன் பெயரை அடித்ததும் மேலே கயிறுகள் சிலிர்த்து எழுந்தன. நின்ற இடத்திலிருந்தே தறி ஓட ஆரம்பித்தது. ஸ்ரீரங்கன் காப்பி குடித்துவிட்டு, இனிமேல் அந்தப் பெட்டியைத் தொடுகிற உரிமை சரளாவுக்கு மட்டும்தான் என்று பொதுவாக அறிவித்துவிட்டுப் போனார்.

மதியழகன் ஷெட்டுக்குள் வந்தார். கன்னத்தில் சந்தனத்தூள் இன்னும் இருந்தது. பெட்டியை மீட்டது தன் சாமர்த்தியம் என்று இதற்குள் அவர் மனசு ஒருவிதமாகக் கதை கட்டிவிட்டிருந்தது. தறியிலிருந்து வந்த லேபிளைச் சரளா வெட்டி எடுத்தாள். அவர் ஆவலாக எட்டிப் பார்த்து, "எப்பிடி? நல்லா கீதா?" என்றார்.

சரளா லேபிளை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். உதட்டின் இடது ஓரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து, மூக்கைச் சுருக்கினாள்.

"பரவால்ல... பாக்கலாம்."

மதியழகனுக்கு அந்த முகம் தெரியும். எதிரில் இருந்து அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது வந்துவிட்டால் கூட எதையாவது சேர்த்துப் போட வேண்டும் என்பதும் தெரியும். "தீபாவளிக்கு ஒனக்கு நல்ல பட்டுப் பொடவ எடுத்துத் தரேன். எக்ஸ்சேஞ்ச் இல்ல, புதுசு" என்றார்.

"பாக்கலாம்."

"திருப்பதிக்குப் போயி வரலாம். ரொம்ப நாளா கேட்டுகினு இருந்தியே."

"பாக்கலாம்."

"ஷெட்டு, தறி எல்லாத்தையும் ஒன் பேருக்கு மாத்திடலாம். வாசல்ல போர்டும் ஒன் பேர்லயே வெச்சிடலாம். போதுமா?"

அவள் அறுந்த இழை ஒன்றைத் தேடி முடிச்சுப் போட்டாள். உதடு இறங்கியபடியே இருந்தது. மதியழகன் தறியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சட்டைப் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி கையை விட்டார். சேர்த்துப் போட அவரிடம் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, தறி ஓடுகிற சத்தத்துக்குக் கீழே முணுமுணுத்தார்.

"அன்னிக்கே... ஒங்க வூட்ல பாத்த ஒடனே... புடிச்சிதான் போச்சி. எனக்கு நீ வேணும்."

சரளாவின் காதில் அது ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. அவள் திரும்பவில்லை. தறியையும் நிறுத்தவில்லை.

"இன்னா சொன்னீங்க?" என்றாள். "தறி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. தயாளன் கடையில சொன்னீங்களே, அந்த மாரி சத்தமா சொல்லுங்க."